மொறிஸ் மைனரில் 1275 எஞ்சின்: மாற்றிய பிறகு வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டுப் பெரியதை இறக்குவது ஒரு வார இறுதி வேலை. அதன் பின்னால் வருகிற கோளாறுகளுக்குத்தான் ஒரு கோடைகாலம் முழுக்கப் போகும். என்னுடைய 1959 மைனரில் 948 சிசியை எடுத்துவிட்டு 1275ஐ வைத்து ஒன்பது வருடமாகிறது. யாழ்ப்பாணத்தில் தகப்பன் ஓடின காரை இங்கிலாந்தில் தேடி வாங்கி வைத்திருப்பவர்கள் நாங்கள் கொஞ்சப் பேர் இருக்கிறோம். அவர்களில் யாராவது 1275 போட்டால் அடுத்த மாதம் எனக்குப் போன் வரும். ஒவ்வொரு முறையும் அதையே சொல்லிச் சொல்லி அலுத்துத்தான் எழுதி வைக்கிறேன்.

இந்தக் கோளாறுகளில் பத்துக்கு எட்டு எஞ்சினுக்குள் இல்லை. 948இன் வலு 37 குதிரை. எம்ஜி மிட்ஜெட் என்ற ஸ்போர்ட்ஸ் காரில் இருந்த 1275க்கு 65. எஞ்சின் பெரிதாகிவிட்டது, ஆனால் ரேடியேற்றர், காபுரேற்றர், கிளச், பிறேக் எல்லாம் 37 குதிரைக்குச் செய்தவையாகவே கிடக்கின்றன. ஆகவே ஹெட்டில், அதாவது சிலிண்டர்களின் மேல் மூடியில், கைவைக்க முன் அதைச் சுற்றியிருப்பதைப் பாருங்கள்.

## முதலில்: வைத்திருப்பது 1275தானா?

சிரிக்காதீர்கள். 1098ஐ 1275 என்று நம்பி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். "மாற்றியும் வலு போதவில்லை" என்று ஒருவர் சொன்னால் முதல் சோதனை இதுதான்.

புளொக்கின் பக்கவாட்டில், மனிஃபோல்ட் இருக்கும் பக்கம் பாருங்கள். 948, 1098 இரண்டிலும் அங்கே இரண்டு சிறிய தகட்டு மூடிகள் இருக்கும். மிட்ஜெட், மொறிஸ் மரீனா கார்களில் வந்த 1275இல் அவை கிடையாது, வார்ப்பு வெறுமையாக இருக்கும். மிட்ஜெட் எஞ்சின் எண் 12சிசி, 12சிடி, 12சிஈ என்று தொடங்கும், மரீனாவினது 12வி. ஆனால் எண் தகடு இரண்டு ஆணியில் நிற்பது, ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் அறையலாம். மூடியை அப்படி மாற்ற முடியாது. ஹெட் கழன்றிருந்தால் சிலிண்டரின் விட்டத்தை அளந்தே பார்த்துவிடலாம்: 1275க்கு 70.6 மில்லிமீற்றர், 1098க்கு 64.6.

இன்னொன்று. மினியில் இருந்து எடுத்த 1275 மலிவாகக் கிடைக்கும். அது குறுக்கே வைத்த எஞ்சின், ஃபிளைவீல் பூட்டுகிற கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) முனை கூம்பாக இருக்கும். மைனரின் ஃபிளைவீல் அதில் ஏறாது. அதை வாங்கிவிட்டு எனக்குப் போன் எடுத்தால் ஆறுதல்தான் சொல்ல முடியும்.

எண் சரி என்றால் அதை அப்போதே எழுதி வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏக்கு அனுப்பிப் பதிவுப் பத்திரத்தைத் திருத்துங்கள், காப்புறுதிக்காரருக்கும் சொல்லுங்கள். 40 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு எம்ஓரீ என்ற வருடாந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. அதே அடிப்படை எஞ்சினின் வேறு கொள்ளளவு அந்தப் பெரிய மாற்றத்துக்குள் வராது. அதனால் பயப்பட ஒன்றுமில்லை, மறைக்கத்தான் தேவையில்லை.

## ஸ்டார்ட்டர் மெல்லச் சுற்றுகிறது, அல்லது சுற்றவே இல்லை

"அண்ணை, சோக் கேபிளால புகை வருது" என்று ஒரு தம்பி பதறிக்கொண்டு எடுத்தான். கேபிளைத் தொடாதே, பற்றரியைக் கழற்று என்றேன். எஞ்சினையும் உடலையும் இணைக்கும் பின்னல் வயரை அவன் திருப்பிப் பூட்டவில்லை. எஞ்சின் நிற்பது ரப்பர் மவுண்டில், ரப்பரில் கரன்ட் போகாது. ஸ்டார்ட்டருக்கு வேண்டிய அத்தனை கரன்டும் மெல்லிய சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்த்தது. கேபிளின் உறை உருகிக் கம்பியோடு ஒட்டிப்போயிருந்தது. அரைமணி நேர வேலை மிச்சம் என்று நினைத்தவனுக்குப் புதுக் கேபிள் செலவு.

ஆகவே வரிசை இப்படி:

- பூமி வயர் இருக்கிறதா, அது பூட்டிய இடத்தில் பெயின்ற் சுரண்டியிருக்கிறதா? சந்தேகமென்றால் ஜம்ப் வயரின் ஒரு முனையை கியர்பொக்ஸ் வார்ப்பிலும் மறுமுனையைப் பற்றரியின் பூமி முனையிலும் போட்டுச் சுற்றிப் பாருங்கள். உடனே வேகமாகச் சுற்றினால் விஷயம் முடிந்தது.
- பற்றரி. 948ஐச் சுற்றிய பழைய பற்றரி 1275ஐச் சுற்ற முக்கும். சுற்றும்போது 10 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் மாற்றுங்கள்.
- ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஆனால் கரகரவென்று அரைக்கிறது என்றால் அது வேறு கதை. ஸ்டார்ட்டர், ஃபிளைவீலின் பல் வளையம், பின்தட்டு மூன்றும் ஒரே காரில் இருந்து வந்தவையா? இரண்டு மூன்று கார்களில் இருந்து சேர்த்திருந்தால் பல் பொருந்தாது. இதைச் சரிசெய்ய எஞ்சின் மீண்டும் வெளியே வரவேண்டும். தொடர்ந்து அரைத்துக்கொண்டிருக்காதீர்கள், வளையமும் போய்விடும்.

மைனரின் பற்றரியில் பிளஸ் முனைதான் பூமி. ஓல்டர்னேற்றர் போட்டவர்கள் அதை மைனஸ் பூமியாக மாற்றியிருப்பார்கள். வண்டி எதில் இருக்கிறது என்று தெரியாமல் ஜம்ப் வயர் கொழுவ வேண்டாம். மாற்றியிருந்தால் கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றினார்களா என்றும் பாருங்கள். மாற்றாவிட்டாலும் ஓடும், பிளக்கின் தீப்பொறி மட்டும் பலவீனமாக இருக்கும்.

## சுற்றுகிறது, பிடிக்கவில்லை

சாவியைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டரைத் தொடாமல் காதைக் கொடுங்கள். பொனற்றுக்குக் கீழே, பின் தடுப்பில் இருக்கும் எஸ்யூ கம்பனியின் பெற்றோல் மின்பம்ப் "டிக் டிக் டிக்" என்று ஏழெட்டுத் தரம் அடித்து நிற்க வேண்டும். இந்தக் காரில் காதைவிட நல்ல கருவி இல்லை.

*சத்தமே இல்லை:* பம்புக்குள் பொயின்ற் ஒட்டிக்கொண்டது. ஸ்க்ரூட்ரைவரின் கைப்பிடியால் மெல்ல ஒரு தட்டு. அடிக்கத் தொடங்கினால் வீடு போய்ச் சேரலாம், ஆனால் பொயின்ற்றைச் சுத்தம் செய்யும் நாள் வந்துவிட்டது என்று எழுதி வையுங்கள்.

*நிற்காமல் அடிக்கிறது:* பெற்றோல் தாங்கி காலி, அல்லது தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் காற்று இழுக்கிறது, அல்லது காபுரேற்றரின் மிதவை ஒட்டி நிரம்பி வழிகிறது. பெற்றோல் மணந்தால் மூன்றாவது.

*அடித்து நிற்கிறது:* பெற்றோல் இருக்கிறது, பொறியைப் பாருங்கள். டிஸ்ரிபியூற்றர் வயர் வரிசை 1, 3, 4, 2. சுற்றும் திசை இடஞ்சுழி. எஞ்சின் மாற்றும்போது டிஸ்ரிபியூற்றரின் ஓட்டுத் தண்டைக் கழற்றியிருந்தால் அரைச் சுற்றுத் தள்ளிப் பூட்டியிருக்க வாய்ப்புண்டு. அப்படியென்றால் காபுரேற்றரால் திருப்பித் துப்பும், சைலன்சரால் வெடிக்கும். எல்லா வயரையும் இரண்டு இடம் தள்ளிக் கொழுவிப் பார்த்தால் தெரிந்துவிடும். பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025.

மரீனா எஞ்சின் என்றால் புளொக்கில் கைப்பம்ப் பூட்டுகிற துளை ஒன்று திறந்து கிடக்கும். மின்பம்பே போதும், துளையைத் தகட்டால் மூடுங்கள். மூடாமல் ஓடவிட்டு கராச் தரை முழுக்க ஒயில் அடித்த ஒருவரும் உண்டு. அது நான்தான்.

## ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, மட்டத்தில் சரி

புது எஞ்சின், இரண்டாம் கியரில் நன்றாக இழுக்கிறது, நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட ஏற்றம் வந்ததும் வயிற்றைப் பிடித்தது போலச் சோர்ந்துவிடும். கால் எடுத்தால் மறுபடி உயிர் வரும்.

மலிவிலிருந்து தொடங்குங்கள். காபுரேற்றரின் மேல் மூடியைத் திருகி, டாம்பரில் (பிஸ்டன் துள்ளாமல் தடுப்பது) ஒயில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் காலை அமுக்கிய கணத்தில் தடக்கும். பிறகு பெற்றோல் வரத்து: காபுரேற்றரில் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டுச் சாவியைப் போடுங்கள். ஒரு நிமிடத்தில் அரை லீற்றருக்குக் குறையாமல் வரவேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் பம்பின் வடிகட்டி அல்லது தாங்கியின் துரு. வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்க வேண்டாம்.

ரப்பர் குழாயையும் விரலால் நசுக்கிப் பாருங்கள். 2021 செப்ரெம்பரில் இருந்து பெற்றோல் நிலையங்களில் சாதாரண பெற்றோல் ஈ10 ஆகிவிட்டது, அதில் உள்ள எதனோல் பழைய ரப்பரை உள்ளிருந்தே கரைக்கும். வெளியே புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே கறுப்புத் தூள் உதிரும். எதனோலைத் தாங்கும், ஆர்9 என்று அச்சடித்த குழாய் போடுங்கள். முடிந்தால் எதனோல் குறைந்த ஈ5 சூப்பர் அடியுங்கள்.

வரத்து சரி. இப்போது காபுரேற்றரின் அளவு. 948க்கும் 1098க்கும் வந்தது ஒன்றேகால் அங்குல எஸ்யூ ஒன்று. 1275 அதில் ஓடும், ஆனால் சின்ன மூக்கால் மூச்சு விடுவது போலத்தான். மரீனாவில் ஒன்றரை அங்குலம் ஒன்று இருந்தது, மிட்ஜெட்டில் ஒன்றேகால் இரண்டு. பழையதை வைத்தே ஓட்டுவதென்றால் பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் ஊசியையாவது மாற்றியாக வேண்டும். கலவை எப்படி என்று பார்க்க ஒரு வழி: எஞ்சின் சூடானபின் சும்மா ஓடவிட்டு, காபுரேற்றரின் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு உயர்த்துங்கள். வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் பெற்றோல் கூட. எஞ்சின் சாகப் பார்த்தால் பெற்றோல் குறைவு. சற்றே ஏறி உடனே பழையபடி வந்தால் சரி. பெற்றோல் குறைந்த கலவையோடு நெடுந்தூரம் போகாதீர்கள், வால்வு எரியும்.

இத்தனைக்கும் பிறகும் சோர்ந்தால், உருளும் மேடையில் ஏற்றி, நின்ற இடத்திலேயே சில்லுகளை ஓடவிட்டு ஊசி தெரிவு செய்பவரிடம் கொடுங்கள். அரைநாள் கூலி போகும், ஆனால் ஊகத்தில் ஊசி ஊசியாக வாங்குவதைவிட மலிவு.

## காலை அமுக்கினால் கலகலவென்று சத்தம்

மணலில் கச்சான் வறுக்கிற சத்தம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டின ஒவ்வொரு காரும் அப்படித்தான் வறுத்துக்கொண்டு போனது. இங்கே மண்ணெண்ணெய் இல்லை, காரணம் பொறி நேரம்.

948இன் டிஸ்ரிபியூற்றரை 1275இல் குத்தியிருக்கிறீர்களா? உள்ளே உள்ள எடைகளும் சுருள்களும் வேறு எஞ்சினுக்கானவை, சும்மா நிற்கும்போது நேரம் சரியாக இருந்தாலும் வேகத்தில் தவறும். இரண்டு மூன்று பாகை பின்னுக்குத் திருப்பிப் பாருங்கள். சத்தம் நின்று இழுவையும் செத்துவிட்டால் டிஸ்ரிபியூற்றர்தான் பிழை, 1275க்கு உரியதை வாங்குங்கள். ரொம்பப் பின்னுக்குத் திருப்பி வைத்துக்கொண்டு ஓடினால் அடுத்த கோளாறு தானாக வரும்.

## வெப்பம் ஏறுகிறது

இதற்குத்தான் அதிகம் போன் வரும்.

முதலில், உண்மையிலேயே ஏறுகிறதா? மைனருக்கு வெப்பமானி வைத்துத் தரவில்லை. எஞ்சின் மாற்றும்போது ஆசைக்கு ஒன்று பூட்டுகிறார்கள், பிறகு சாலையைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். 90 பாகை செல்சியஸ் காட்டினால் அது கோளாறே இல்லை. தெர்மோஸ்ற்றற் உறையில் லேசர் வெப்பமானியைப் பிடித்து ஒப்பிடுங்கள்.

ஊரெல்லைக்குள் நின்று நின்று போகும்போது மட்டும் ஏறினால் காற்று. ஃபான் பெல்ற் தளர்வா? ஃபானைப் புறம்மாறிப் பூட்டியிருக்கிறதா? கேட்கவே வெட்கமாக இருக்கும், ஆனால் புறம்மாறிப் பூட்டினாலும் சுற்றும், காற்றுத் தள்ளுவது மட்டும் பாதியாகிவிடும். ஒரு கடதாசித் தாளை ரேடியேற்றரின் முன்பக்கம் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

50 மைலுக்கு மேல் வேகத்தில் ஏறினால் தண்ணீர், அல்லது கலவையும் பொறி நேரமும். நேரம் பின்னே நின்றாலும் பெற்றோல் குறைந்தாலும் சூடு ஏறும், அதனால் மேலே உள்ள இரண்டு பகுதியையும் முடித்துவிட்டு வாருங்கள். பிறகு:

ரேடியேற்றரின் முகத்தை எஞ்சின் நிறுத்தியதும் கையால் தடவுங்கள். மேலிருந்து கீழாகச் சூடு சீராகக் குறையவேண்டும். நடுவில் ஒரு குளிர்ந்த திட்டு இருந்தால் அங்கே குழாய் அடைத்துக் கிடக்கிறது. தலைகீழாகத் தண்ணீர் அடித்துக் கழுவிப் பார்க்கலாம். அறுபது வருட ரேடியேற்றரில் அது பாதித் தரம்தான் பலிக்கும். பலிக்காவிட்டால் உட்பகுதியைப் புதிதாகப் போட ரேடியேற்றர் கடைக்குக் கொடுங்கள்.

அடுத்தது யாரும் பார்க்காத இடம். புளொக்கின் பின்பகுதியில், நாலாம் சிலிண்டரை ஒட்டி, தண்ணீர் வடிக்கும் திருகு ஒன்று உண்டு. கழற்றினால் தண்ணீர் பீறிட வேண்டும். நான் கழற்றிய எஞ்சின்களில் பாதியில் ஒரு சொட்டும் வரவில்லை. ஒரு சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தியதும் முதலில் செங்கல் நிறத்தில் களி, பிறகு வார்ப்பு மணல் போல ஏதோ, கடைசியாகத் தண்ணீர். எவ்வளவு காலமாக நாலாம் சிலிண்டர் வேகிக்கொண்டிருந்ததோ. எஞ்சின் வெளியே இருக்கும்போதே இதைச் செய்தால் ஐந்து நிமிடம்.

மூடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய மைனரின் ரேடியேற்றர் மூடி 7 பிஎஸ்ஐ. "1275க்கு 15 பிஎஸ்ஐ போடு" என்று யாரோ சொல்ல, பழைய ரேடியேற்றரில் 15ஐப் போட்டு, மேல் தாங்கியின் ஒட்டு பிளந்ததைப் பார்த்திருக்கிறேன். ரேடியேற்றர் புதிது என்றால்தான் மூடியை மாற்ற வேண்டும்.

தண்ணீர் குறைகிறது, வெளியே ஒழுக்கு இல்லை: ஹெட் காஸ்கெட். 1275இல் சிலிண்டர்கள் நெருக்கம், இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் ஒரு மெல்லிய சுவர்தான், காஸ்கெட் அங்கேதான் முதலில் போகும். கம்பிரஷன் அளந்தால் இரண்டும் மூன்றும் மட்டும் சேர்ந்து குறைவாக இருக்கும், ஒன்றும் நாலும் 150 பிஎஸ்ஐயைத் தாண்டும். செம்புக் காஸ்கெட் போடாதீர்கள், 1275 அதைத் தாங்காது. ஹெட்டை எடுத்ததும் நேர்க்கோல் வைத்துப் பாருங்கள், தாள் நுழைகிற அளவு வளைந்திருந்தாலும் இயந்திரப் பட்டறைக்குத்தான். காஸ்கெட் மாற்றி ஆறு மாதத்தில் மறுபடி போனால் புளொக்கை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்காமல் மூன்றாவது காஸ்கெட் வாங்க வேண்டாம்.

## ஒயில் ஒழுகுகிறது

மைனர் கொஞ்சம் ஒயில் ஒழுகத்தான் செய்யும். தரையில் காசளவு என்றால் விட்டுவிடுங்கள். தட்டளவு என்றால் படியுங்கள்.

எங்கே சொட்டுகிறது? எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில், கிளச் உறையின் அடியில் உள்ள சிறு துளையால் சொட்டினால், கிராங்கின் பின் முனை. அந்த முனையில் இந்த எஞ்சினுக்கு ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டிய ஒரு திருகுப் பள்ளம் ஒயிலை உள்ளே திருப்பித் தள்ளும், அவ்வளவுதான். அது வேலை செய்ய எஞ்சின் வயிற்றுக்குள், அதாவது கிராங்க் சுற்றும் அறைக்குள், அழுத்தம் சேரக் கூடாது.

இங்கேதான் மாற்றியவர்கள் எல்லாரும் ஒரே குழியில் விழுகிறார்கள். 948 தன் வயிற்றுக் காற்றைப் பக்கவாட்டு மூடியால் விட்டது. 1275இல் பக்கவாட்டு மூடி இல்லை என்று மேலே சொன்னேன். அது காற்று விடுவது முன்னால், டைமிங் சங்கிலி மூடியில் உள்ள ஒரு குவளை வழியாக. மைனரில் வைக்கும்போது முன்தட்டை மாற்ற வேண்டியிருக்கும், அந்த வேகத்தில் பழைய சங்கிலி மூடியையும் கழுவிப் பூட்டிவிடுகிறார்கள். பழைய மூடியில் குவளை இல்லை. இப்போது காற்றுக்கு வழியே இல்லை. கிடைத்த வழியால், அதாவது பின் முனையால், ஒயிலையும் கூட்டிக்கொண்டு போகும்.

சோதனை எளிது. எஞ்சினை ஓடவிட்டு ஒயில் விடும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வையுங்கள். இலேசாக உறிஞ்சினால் அல்லது ஒன்றும் தெரியாவிட்டால் நல்லது. கையைத் தள்ளினால் காற்று அடைபட்டிருக்கிறது. குவளை உள்ள மூடியைப் போட்டு, அதிலிருந்து ஒரு குழாயைக் காபுரேற்றரின் மூச்சு முனைக்குக் கொண்டுபோங்கள். பழைய ஒன்றேகால் அங்குலக் காபுரேற்றரில் அந்த முனை இல்லையென்றால், குழாயைக் கீழே திறந்தாவது விடுங்கள். மூடியை மாற்றும்போது உள்ளே உள்ள ஒயில் தட்டையும் அந்த மூடிக்கு உரியதாகப் போடுங்கள். அதில் எஃப் எழுத்து இருந்தால் அது உங்களைப் பார்க்க வேண்டும்.

வழி திறந்தபின்னும் புஸ் புஸ் என்று புகையோடு தள்ளினால் பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது. கம்பிரஷன் அளந்து, பிளக் துளையால் ஒரு கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். அளவு ஏறினால் வளையம். அது பட்டறை வேலை.

## கிளச் வழுக்குகிறது, அல்லது விடுபடவில்லை

மைனரின் கிளச் ஹைட்ரோலிக் இல்லை, கம்பியும் நெம்பும். ஆகவே முதலில் பெடலில் ஓர் அங்குலத்தை ஒட்டிய வெறும் ஓட்டம் இருக்கிறதா என்று காலால் அல்ல, கையால் அமுக்கிப் பாருங்கள். இல்லாவிட்டால் கம்பியின் நட்டைத் திருகுங்கள். அடுத்தது எஞ்சின் மவுண்ட் ரப்பர்: அது தொய்ந்தால் எஞ்சின் அசையும், எஞ்சின் அசைந்தால் கம்பி இழுபடும், கிளச் நடுங்கும்.

வழுக்கல் தொடர்ந்தால் மேலே சொன்ன பின்முனை ஒயில் கிளச் தட்டில் ஏறியிருக்கலாம். ஒழுக்கை நிறுத்தாமல் தட்டை மாற்றுவது காசைச் சாக்கடையில் போடுவது. அல்லது 948இன் ஆறேகால் அங்குலக் கிளச்சே உள்ளே இருக்கிறது. அது 1275க்குக் காணாது.

விடுபடாமல் முதல் கியரில் கரகரத்தால், கிராங்க் முனையில் கியர்பொக்ஸ் தண்டு நுழைகிற வெண்கலப் புஷ்ஷைச் சந்தேகியுங்கள். வேறு காரின் எஞ்சின், வேறு காரின் கியர்பொக்ஸ். பூட்ட முன் கையால் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

## நிற்க மறுக்கிறது

இதில் மலிவிலிருந்து தொடங்கும் விளையாட்டு இல்லை. 1962இல் 1098 வரும்வரை மைனரின் முன் டிரம் ஏழு அங்குலம், அதன் பிறகு எட்டு. ஏழு அங்குலத்தோடு 1275 ஓட்ட வேண்டாம். எட்டுக்காவது மாற்றுங்கள், டிஸ்க் என்றால் இன்னும் நல்லது. டிஸ்க் போட்டதும் பிறேக் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் டிரம்முக்காக வைத்த அழுத்தம் தேக்கும் வால்வு இன்னும் இருக்கிறது. அந்தச் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஒழுகினாலும் கண்ணில் படாது. பெடல் மெல்ல மெல்லத் தாழ்ந்தால் காரை எடுக்காதீர்கள், பிறேக் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

சில்லைத் தூக்கியிருக்கும்போதே முன் கீழ் மூட்டையும் அசைத்துப் பாருங்கள். கிரீஸ் காணாமல் தேய்ந்தால் சில்லு மடிந்து கார் மூக்குக் குத்தும். எஞ்சின் பெரிதாகி வேகம் கூடிய காரில் அது எப்படி முடியும் என்று எழுதத் தேவையில்லை.

## ஒயில் விளக்கு மினுங்குகிறது, உள்ளே தட்டுகிறது

விளக்கை நம்பாமல் ஒரு அழுத்தமானியைப் பூட்டுங்கள். நன்றாகச் சூடான பின் ஓட்டத்தில் 40 பிஎஸ்ஐக்குக் குறையக் கூடாது. அழுத்தம் சரி, மேலே டிக் டிக் என்றால் வால்வு இடைவெளி, குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலம். அழுத்தம் குறைவு, ஏற்றத்தில் அடியில் இருந்து டொக் டொக் என்றால் பெயாரிங். நிறுத்துங்கள், இழுத்துக்கொண்டு போங்கள். வீடு இரண்டு மைல்தானே என்று ஓட்டினவர் கிராங்கும் வாங்கினார்.

## 60 மைலில் கத்துகிறது

எஞ்சின் பிழை இல்லை. 948 மைனரின் பின் அச்சு விகிதம் 4.55, அதாவது சில்லு ஒரு சுற்றுப் போக நடுத்தண்டு 4.55 சுற்றுப் போகும். 60 மைலில் எஞ்சின் ஏறத்தாழ 4,100 சுற்று ஓடுகிறது. 1098இன் 4.22 அச்சில் 3,800, பிந்திய மிட்ஜெட்டின் 3.9இல் 3,500. மிட்ஜெட்டின் டிஃபரன்ஷியல் மைனரின் அச்சுக்குள் பொருந்தும்.

உங்களிடம் எது இருக்கிறது என்று பார்க்க ஒரு பின் சில்லை மட்டும் தூக்கி, மற்றதற்கு ஆப்பு வைத்து, கியரை நியூற்றலில் விட்டு, தூக்கிய சில்லைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். நடுத்தண்டு எத்தனை சுற்றுப் போகிறது என்று ஒருவர் கீழே எண்ணட்டும், ஆனால் ஜாக்கை நம்பிக் காருக்குக் கீழே போகாமல் அச்சுக்கு இரும்பு முட்டு வைத்துவிட்டுப் போகட்டும். நாலரைக்குச் சற்று மேல் என்றால் 4.55, நாலேகாலை ஒட்டி என்றால் 4.22, நாலு நிரம்பாவிட்டால் 3.9.

கத்தல் வேகத்தோடு அல்ல, காலை எடுக்கும்போது மட்டும் ஊளையாக மாறினால் அது அச்சுக்குள் பல் தேய்வு. பல் இடைவெளி அளந்து சேர்ப்பதற்குக் கருவி வேண்டும், நான் கொடுத்துத்தான் செய்தேன்.

எல்லாரும் 3.9க்கு ஓடுகிறார்கள். நெடுஞ்சாலையிலேயே வாழ்பவர்களுக்கு அது சரி. நான் 4.22இல் நின்றுவிட்டேன். எங்கள் வீதி செங்குத்து ஏற்றம், மைனரின் முதல் கியருக்கு, ஓடும்போது கரகரக்காமல் மாட்ட உதவும் சிங்க்ரோவும் இல்லை, பக்கத்தில் இருப்பது என் மனைவி.